டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா? அந்த 12,000 ரூபாய் வித்தியாசம் திரும்பி வருமா?



கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த புதுசு. ரெண்டு பேருக்கும் வேலை. வேளச்சேரியில வாடகை வீடு, ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்குன்னு நான் வாங்கின முதல் பெரிய பொருள் ஒரு ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின். 7 கிலோ, 30,000 ரூபாய், 9 மாச இ.எம்.ஐ. பக்கத்துலயே 18,000 ரூபாய்க்கு ஒரு டாப் லோட் இருந்துச்சு. கடையில இருந்தவர் சொன்ன ஒரு வரியில விழுந்துட்டேன். "சார், விலை கூடதான். ஆனா கரண்ட்லயும் தண்ணியிலயும் ரெண்டு வருஷத்துல அந்தக் காசு திரும்ப வந்துடும்."

11-வது மாசம் ஹவுஸ் ஓனர் தன் பையனுக்குக் கல்யாணம்னு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. சாமான் ஏத்த வந்தவங்க மெஷினைப் படுக்க வெச்சு வண்டியில கொண்டுபோனாங்க. புது வீட்டுல முதல் தடவை துணி போட்டேன். பிழியற நேரத்துல மெஷின் இருந்த இடத்துலேருந்து ஒரு அடி நகர்ந்து வந்து நிக்குது. சத்தம் கீழ் வீடு வரைக்கும். சர்வீஸுக்கு வந்தவர் முதல்ல கேட்ட கேள்வி: "பின்பக்கம் போடற நாலு போல்ட்டைப் போட்டுத்தானே எடுத்துட்டு வந்தீங்க?"

அந்த நாலு போல்ட்டும் அட்டைப்பெட்டியோட சேர்ந்து என்னைக்கோ குப்பைக்குப் போயிருந்துச்சு. டிரம்மைத் தாங்கற பாகங்கள் நல்லா அடி வாங்கியிருந்துச்சு. இடம் மாத்தும்போது ஆன சேதத்துக்கு வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க. செலவு 6,800 ரூபாய்.

கடைசி இ.எம்.ஐ. கட்டி ரெண்டே மாசம்தான் ஆகியிருந்தது. அன்னைக்கு ராத்திரி என் மனைவி ரொம்ப அமைதியா ஒரு கேள்வி கேட்டாங்க. "ரெண்டு வருஷத்துல காசு திரும்ப வரும்னு சொன்னாரே, அதுல பாதி முடியப் போகுது. இதுவரைக்கும் எவ்ளோங்க வந்திருக்கு?"

எனக்குப் பதில் தெரியல. அதுக்கப்புறம்தான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். வீடியோல வேகமா சொல்லிட்டுப் போன அந்தக் கணக்கைத்தான் இங்க பொறுமையா எழுதறேன். விலையும் ரேட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதனால என் எண்களை எடுத்துட்டு உங்க வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்க.

முதல்ல, ரெண்டும் எப்படித் துவைக்குது?

டாப் லோட்ல டிரம் கிணறு மாதிரி நேரா நிக்குது. அடியில ஒரு தட்டு இருக்கும், பல்சேட்டர்னு பேரு. அது சுத்தும்போது தண்ணியில சுழல் உண்டாகி, துணி ஒண்ணோட ஒண்ணு உரசி அழுக்கு போகுது. துணி அசையணும்னா அது முங்கற அளவுக்குத் தண்ணி வேணும். சோப்புக்கு ஒரு தடவை, அலசறதுக்கு மறுபடியும் நிரப்பணும்.

ஃப்ரண்ட் லோட்ல டிரம் படுத்துக்கிட்டு இருக்கு. அடியில கொஞ்சம் தண்ணிதான். டிரம் மெதுவா சுத்தும்போது உள்ளே இருக்கற மேடுகள் துணியை மேல தூக்கிட்டுப் போய்க் கீழே போடுது. துவைக்கற கல்லுல அம்மா துணியை அடிப்பாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை, ஆனா ரொம்ப மெதுவான அடி. துணி நல்லா நனைஞ்சிருந்தா போதும், மிதக்க வேண்டியதில்ல. அதனால தண்ணி ஏறக்குறைய பாதி. ஆனா நேரம் அதிகம். டாப் லோட் 45 நிமிஷத்துல முடிக்கற வேலையை இது ஒன்றரை மணி நேரம், சில புரோகிராம்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேலயும் இழுக்கும்.

அடுத்தது பிழியற வேகம். டாப் லோட் சுமார் 700 சுற்று, ஃப்ரண்ட் லோட் 1,000 முதல் 1,400 சுற்று வரைக்கும் போகும், எல்லாம் ஒரு நிமிஷத்துக்கு. துணியிலேருந்து தண்ணியை வெளியே தள்ளற விசை, வேகத்தோட வர்க்கத்துல கூடும். அதாவது ஒரே அளவு டிரம்ல 700-க்கும் 1,200-க்கும் நடுவுல விசை சுமார் 3 மடங்கு வித்தியாசம். ஐப்பசி, கார்த்திகை மழையில ரெண்டு நாள் ஆகியும் காயாத ஜீன்ஸை ஃபேனுக்கு அடியில தொங்க விட்டவங்களுக்கு இதோட அருமை புரியும்.

ஆனா அந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கு. படுத்த நிலையில இருக்கற டிரம் அவ்ளோ வேகமா சுத்தினா மெஷினே குதிக்கும். 1937-ல அமெரிக்காவுல பெண்டிக்ஸ் அறிமுகப்படுத்தின தானியங்கி மெஷினும் முன்பக்கம் கதவு வெச்சதுதான். ஆட்டம் தாங்காதுன்னு அதைத் தரையில போல்ட் போட்டு இறுக்கணும். இப்ப வர்ற மெஷின்கள்ல தரைக்குப் பதிலா உள்ளேயே கனமான கான்கிரீட் எடையைக் கட்டியிருக்காங்க. டிரம் முழுசும் ஸ்பிரிங்குல தொங்குது. அதனாலதான் 7 கிலோ ஃப்ரண்ட் லோட் 60 கிலோவுக்கு மேல எடை இருக்கும். டாப் லோட் அதுல பாதிதான். தொங்கற அந்த டிரம் வண்டியில ஆடி அடிபடக் கூடாதுன்னுதான் பின்பக்கம் நாலு போல்ட் போட்டு அனுப்பறாங்க. நான் தூக்கிப் போட்டது அதைத்தான்.

"கரண்ட் மிச்சம்" கதை எங்கேருந்து வந்துச்சு?

துவைக்கறதுல கரண்ட் எங்க போகுதுன்னு முதல்ல பார்க்கணும். மோட்டார் சாப்பிடறது கொஞ்சம்தான். பெரும் பங்கு தண்ணியைச் சூடாக்கறதுக்குப் போகும். குளிர் நாடுகள்ல குழாயில வர்ற தண்ணி ஜில்லுனு இருக்கும், அங்க சுடுதண்ணியில துவைக்கறது வழக்கம். தண்ணி பாதியாக் குறைஞ்சா சூடு பண்ற செலவும் பாதியாக் குறையும். அதனால அந்த ஊர்கள்ல ஃப்ரண்ட் லோட் கரண்ட்டை மிச்சம் பண்ணுதுன்னு சொல்றது உண்மை.

நம்ம ஊர்ல என்ன நடக்குது? டாப் லோட்ல பெரும்பாலானவங்க குழாய்த் தண்ணியிலயே துவைக்கறோம். சூடு பண்ற செலவே இல்ல. இல்லாத செலவுல என்ன மிச்சம் பிடிக்க முடியும்? மாறா, ஃப்ரண்ட் லோட்ல உள்ளேயே ஹீட்டர் இருக்கு. காட்டன் புரோகிராமைத் திருப்பி வெச்சா பல மெஷின்கள்ல 40 டிகிரியோ 60 டிகிரியோ தானா செட் ஆகிடும். நான் 11 மாசமும் கவனிக்காம 40-லயே ஓட்டியிருக்கேன்.

சென்னையில குழாய்த் தண்ணியே 28 டிகிரிக்கு வருது. மே மாசம் மதியம் மொட்டை மாடி டேங்க் தண்ணியைத் திறந்தா கை சுடும். வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்துச் சூடாக்கற 30 டிகிரியை நமக்கு வெயில் சும்மா கொடுக்குது. தினசரி ஆபீஸ் துணிக்கு அதுவே போதும்.

என் கணக்குக்கு நான் எடுத்துக்கிட்ட எண்கள் இதுதான். ஒரு வாஷுக்கு:

டாப் லோட், சாதாத் தண்ணி: 0.2 யூனிட்
ஃப்ரண்ட் லோட், சாதாத் தண்ணி: 0.3 யூனிட்
ஃப்ரண்ட் லோட், 40 டிகிரி: 0.6 யூனிட்

ரெண்டு பேர், வாரத்துக்கு 4 வாஷ், வருஷத்துக்கு 200 வாஷ்னு வெச்சுக்கலாம். யூனிட்டுக்கு 8 ரூபாய். சப் மீட்டர் வெச்ச வாடகை வீட்டுல கிட்டத்தட்ட இப்படித்தான் வாங்கறாங்க. ஃப்ரண்ட் லோடை சாதாத் தண்ணியில ஓட்டினா டாப் லோடை விட வருஷத்துக்கு 160 ரூபாய் அதிகம். 40 டிகிரியில ஓட்டினா 640 ரூபாய் அதிகம். ரெண்டுலயுமே மிச்சம்னு ஒண்ணும் இல்ல, கூடுதல் செலவுதான்.

கடைக்குப் போகும்போது ஸ்டார் லேபிள்ல நட்சத்திரத்தை மட்டும் எண்ணிட்டு வந்துடாதீங்க. அதுக்குக் கீழே ஒரு கிலோ துணிக்கு ஒரு வாஷுக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர்னு போட்டிருப்பாங்க. அதை மெஷினோட கிலோவால பெருக்கினா உங்க எண் வந்துடும். ரெண்டு வகையையும் ஒப்பிடணும்னா அந்த எண்ணை வெச்சு ஒப்பிடுங்க.

தண்ணி கணக்கு: லாரியா, போரா?

டாப் லோடுக்கு ஒரு வாஷுக்கு 110 லிட்டர், ஃப்ரண்ட் லோடுக்கு 55 லிட்டர்னு எடுத்துக்கிட்டேன். மிச்சம் 55 லிட்டர். 200 வாஷுக்கு 11,000 லிட்டர். கேக்கறதுக்கே பெருசா இருக்குல்ல? இதை ரூபாயா மாத்திப் பார்க்கலாம்.

லாரித் தண்ணி வாங்கற வீடு: 12,000 லிட்டர் லாரி 1,500 ரூபாய்னு வெச்சா, லிட்டருக்கு பன்னிரண்டரை பைசா. 11,000 லிட்டருக்கு 1,375 ரூபாய். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லாரி மிச்சம்.

போர் தண்ணி வீடு: ஒரு ஹெச்.பி. மோட்டார் மணிக்கு 2,000 லிட்டர் ஏத்தும்னா, 11,000 லிட்டர் ஏத்த ஐந்தரை மணி நேரம். சுமார் 4 யூனிட். 32 ரூபாய்.

ஒரே மெஷின், ஒரே துணி. ஒரு வீட்டுல 1,375, இன்னொரு வீட்டுல 32. மெஷின் கம்பெனிக்காரர் "தண்ணி மிச்சம்"னு சொல்றது பொய் கிடையாது. அந்தத் தண்ணிக்கு நீங்க காசு கொடுக்கறீங்களாங்கறது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். தண்ணி வரி, மெயின்டெனன்ஸ்னு மாசம் ஒரே தொகை கட்டற அபார்ட்மென்ட்ல இருந்தா, உங்க பாக்கெட்டுக்கு வர்ற மிச்சம் பூஜ்யம்.

இப்ப என் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில். வேளச்சேரி வீட்டுல போர் தண்ணி. 11 மாசத்துல தண்ணியில மிச்சம் சுமார் 30 ரூபாய். 40 டிகிரியில ஓட்டினதால கரண்ட்ல கூடுதல் சுமார் 590 ரூபாய். ஆக, காசு திரும்ப வர்றதுக்குப் பதிலா 560 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கு.

வித்தியாசம் எத்தனை வருஷத்துல வரும்?

விலை வித்தியாசம் 12,000 ரூபாய். ஹீட்டரை அணைச்சு சாதாத் தண்ணியிலயே ஓட்டறோம்னு வெச்சு மூணு வீட்டைப் பார்க்கலாம்.

ரெண்டு பேர், போர் தண்ணி: தண்ணியில 32 மிச்சம், கரண்ட்ல 160 கூடுதல். காசு எப்பவுமே திரும்ப வராது.

ரெண்டு பேர், லாரித் தண்ணி: 1,375-லேருந்து 160 போனா வருஷத்துக்கு 1,215 ரூபாய். 12,000 திரும்ப வர சுமார் 10 வருஷம். அதுக்குள்ள மெஷினுக்கே வயசாகிடும்.

அஞ்சு பேர், தினமும் வாஷ், லாரித் தண்ணி: தண்ணியில சுமார் 2,500 மிச்சம், கரண்ட்ல 290 கூடுதல். வருஷத்துக்கு 2,200 ரூபாய். அஞ்சரை வருஷத்துல வந்துடும். இந்த வீட்டுக்கு ஃப்ரண்ட் லோட் லாபம்தான்.

இதையே ஒரு வாஷுக்கு எவ்ளோன்னும் பார்க்கலாம். எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா எந்தப் பொருளை வாங்கினாலும் உதவும். மெஷின் 8 வருஷம் ஓடும், மொத்தம் 1,600 வாஷ்னு வைங்க. சோப்பு ரெண்டுக்கும் 9 ரூபாய்.

டாப் லோட், போர் தண்ணி: மெஷின் விலை 11.25, கரண்ட் 1.60, சோப்பு 9. சுமார் 22 ரூபாய்.
ஃப்ரண்ட் லோட், போர் தண்ணி: மெஷின் விலை 18.75, கரண்ட் 2.40, சோப்பு 9. சுமார் 30 ரூபாய்.
டாப் லோட், லாரித் தண்ணி: மேல சொன்னதோட தண்ணிக்கு 13.75 சேர்த்து சுமார் 36 ரூபாய்.
ஃப்ரண்ட் லோட், லாரித் தண்ணி: தண்ணிக்கு 6.90 சேர்த்து சுமார் 37 ரூபாய்.

பார்த்தீங்களா, லாரித் தண்ணி வீட்டுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாகிடுது. போர் தண்ணி வீட்டுல வாஷுக்கு 8 ரூபாய் வித்தியாசம் நிக்குது.

தனியா ரூம் எடுத்து வாரத்துக்கு ஒரே ஒரு வாஷ் போடறவங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 8 வருஷத்துல 416 வாஷ்தான். 30,000 ரூபாய் மெஷின்னா விலை மட்டுமே வாஷுக்கு 72 ரூபாய். 18,000-க்கு 43 ரூபாய். 10,000 ரூபாய் செமி ஆட்டோமேட்டிக்னா 24 ரூபாய். துணியை ஒரு தொட்டியிலேருந்து இன்னொண்ணுக்கு மாத்திப் போட 10 நிமிஷம் உங்களால முடியும்னா, பேச்சுலர் ரூமுக்கு அது ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

கணக்குல வராத விஷயங்கள்

இங்கதான் ஃப்ரண்ட் லோடுக்கு ஒரு நியாயம் பேசணும். டாப் லோட்ல துணி முறுக்கிக்கும். துப்பட்டா, புடவை, நாடா வெச்ச பேன்ட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி கயிறு மாதிரி வெளியே வரும். ஃப்ரண்ட் லோட்ல துணி தூக்கிப் போடப்படறதால இழுபறி குறைவு, துணி கொஞ்சம் கூட நாள் உழைக்கும். ஆபீஸ் சட்டை ஒண்ணு 1,500 ரூபாய். வருஷத்துக்கு ஒரே ஒரு சட்டை குறைவா வாங்கினாலும், மேல நான் போட்ட கரண்ட் தண்ணி கணக்கெல்லாம் அதுக்கு முன்னாடி சின்னதாகிடும். இதை என்னால ரூபாயில அளக்க முடியல. ஆனா உங்க ஆபீஸுக்குத் தினமும் ஃபார்மல்ஸ்தான்னா இதைக் கண்டிப்பா யோசிங்க. டி-ஷர்ட்டும் ஜீன்ஸும்தான்னா விட்டுடுங்க.

உப்புத் தண்ணி: உங்க பாத்ரூம் குழாயில, பக்கெட்டுல வெள்ளையா படிஞ்சிருக்கா? அதே உப்பு மெஷின் உள்ளேயும் படியும். தண்ணி சூடாகச் சூடாக அந்தச் சுண்ணாம்பு வேகமா படியும். ஹீட்டர் கம்பி மேலதான் முதல்ல கட்டும். அதனால போர் தண்ணி வீட்டுல ஃப்ரண்ட் லோட் வெச்சிருக்கறவங்க தேவையில்லாம ஹீட்டர் போடாம இருந்தாலே ரிப்பேர் தள்ளிப்போகும். உப்பு எடுக்கற பவுடரை ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போடுங்க. இது டாப் லோடுக்கும் பொருந்தும். ஹீட்டர் இல்லாததால அங்க பாதிப்பு கொஞ்சம் குறைவு, அவ்ளோதான்.

ரிப்பேர்: டாப் லோட்ல பாகங்கள் எளிமையானவை, பெரும்பாலும் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துடுவாரு. ஃப்ரண்ட் லோட்ல பேரிங் போச்சுன்னா மெஷினை முழுசாப் பிரிக்கணும், சில மாடல்ல டிரம்மோட சேர்த்து மாத்தணும்.

தண்ணி வராத நாள்: 2019 கோடையில சென்னைக்குத் தண்ணி கொடுக்கற ஏரிகள் வறண்டப்ப இங்க இருந்தவங்களுக்கு நினைவிருக்கும். குழாய்ல தண்ணி வரலைன்னா டாப் லோட்ல பக்கெட்டால ஊத்தி ஒப்பேத்திடலாம். ஃப்ரண்ட் லோட்ல அந்த வசதி இல்ல. நீங்க இருக்கறது மேல் மாடி, டேங்க் சரியா உங்க தலைக்கு மேல இருக்குன்னா, குழாய் அழுத்தம் ரொம்பக் குறைவா இருக்கும். மெஷினுக்கு எவ்ளோ அழுத்தம் வேணும்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. அழுத்தம் பத்தலைன்னா தண்ணி நிரம்பாம பாதியில நின்னுடும்.

வாடை: ஃப்ரண்ட் லோட் கதவுல இருக்கற ரப்பர் மடிப்புல தண்ணியும் நூலும் தங்கும். துவைச்சு முடிச்சதும் கதவைச் சாத்தி வெச்சா நாலே நாள்ல ஈர வாடை வரும், கருப்பா பூஞ்சை பிடிக்கும். ஒரு பழைய துணியால துடைச்சுட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து விடறது மட்டும்தான் வைத்தியம். இது முடியாதவங்க டாப் லோடே வாங்கிடுங்க.

குனியறது: ஃப்ரண்ட் லோடுக்குக் குனியணும், இல்லைன்னா உட்காரணும். வீட்டுல முட்டி வலி, இடுப்பு வலி இருக்கற அம்மா அப்பா இருந்தா அவங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. துவைக்கப் போறது அவங்கதான்னா பணம் உங்களோடதுங்கறதுக்காக நீங்க முடிவு பண்ணக் கூடாது.

வாடகை வீட்டுக்காரங்க கவனத்துக்கு

நம்மள்ல பல பேர் 11 மாச ஒப்பந்தத்துல இருக்கோம். 8 வருஷத்துல எத்தனை வீடு மாறப் போறோம்னு ஒரு தோராயக் கணக்கு போடுங்க. ஒவ்வொரு தடவையும் 60 கிலோவை மாடிப்படியில இறக்கி ஏத்த ஆள் கூலி தனியா கேப்பாங்க. மறுபடி மாட்டறதுக்கு ஒரு தொகை. நாலு தடவை மாறினா, தடவைக்கு 1,000 ரூபாய்னு வெச்சாலே 4,000 ஆச்சு. கடைக்காரர் சொல்ற விலைப்பட்டியல்ல இது வராது.

ஃப்ரண்ட் லோட் வெச்சிருக்கறவங்க இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. அந்த நாலு போல்ட் எங்க இருக்குன்னு தேடுங்க. ஒரு கவர்ல போட்டு மெஷினுக்குப் பின்னாடியே டேப் ஒட்டி வெச்சுடுங்க. வீடு மாறும்போது அதைப் போட்டு இறுக்கி, நிமிர்த்தி வெச்சுக் கொண்டுபோகச் சொல்லுங்க. புது இடத்துல ஓட்டறதுக்கு முன்னாடி மறக்காமக் கழட்டுங்க. கழட்டாம ஓட்டினாலும் அதே கதிதான்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.: ஒரு சின்ன எச்சரிக்கை

30,000 ரூபாயை 9 மாசம் நோ காஸ்ட்ல போட்டா வட்டியே இல்லைன்னு நினைக்காதீங்க. கிரெடிட் கார்டுல வங்கி வட்டி போடத்தான் செய்யும், அந்த வட்டி அளவுக்குக் கடையில தள்ளுபடி கொடுப்பாங்க. ஆனா அந்த வட்டி மேல வர்ற 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீங்கதான் கட்டணும். பிராசஸிங் கட்டணமும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும் தனி. 15 சதவீத வட்டின்னா எல்லாம் சேர்த்து 500 ரூபாயைத் தாண்டிடும். அதைவிட முக்கியம், மொத்தமா பணம் கொடுத்தா எவ்ளோ குறைப்பீங்கன்னு கேட்டுப் பாருங்க. குறைக்கறேன்னு சொன்னா, அந்தத் தொகைதான் நோ காஸ்ட்டோட உண்மையான காஸ்ட்.

இன்னொண்ணு, இ.எம்.ஐ.ங்கறதாலதான் நான் 18,000-லேருந்து 30,000-க்குத் தாவினேன். மாசம் 2,000-மா 3,300-ஆன்னு கேக்கும்போது வித்தியாசம் சின்னதாத் தெரிஞ்சுது. மொத்தமா எண்ணிக் கொடுக்கணும்னு இருந்திருந்தா ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன்.

சரி, யார் எதை வாங்கலாம்?

ரெண்டு பேர், வாடகை வீடு, போர் தண்ணியோ கார்ப்பரேஷன் தண்ணியோ: டாப் லோட். மிச்சம் 12,000-ஐ அவசர நிதியில போட்டு வைங்க.

சொந்த வீடு, நாலஞ்சு பேர், தினமும் துணி, தண்ணி காசு கொடுத்து வாங்கறீங்க: ஃப்ரண்ட் லோட். தினசரி துணிக்கு ஹீட்டரை அணைச்சு வைங்க.

கைக்குழந்தை இருக்கு, இல்லைன்னா தூசி அலர்ஜி, படுக்கை விரிப்பைச் சூடாத் துவைக்கச் சொல்லியிருக்காங்க: ஹீட்டர் இருக்கற மெஷின். ஹீட்டரோட டாப் லோடும் வருது, ரெண்டையும் பாருங்க.

வெயில் படற மாடியோ பால்கனியோ இல்ல, துணி ரூமுக்குள்ளதான் காயணும்: பிழியற வேகத்துக்காகவே ஃப்ரண்ட் லோடைப் பரிசீலிக்கலாம். இங்க நீங்க கொடுக்கற கூடுதல் காசு வசதிக்கு. திரும்ப வரும்னு எதிர்பார்க்காம, தெரிஞ்சே கொடுங்க.

தனி ஆள்: செமி ஆட்டோமேட்டிக், இல்லைன்னா ரூம்மேட்ஸ் சேர்ந்து ஒரு டாப் லோட்.

"அப்போ உங்க மெஷினை வித்துட்டீங்களா?"ன்னு கேப்பீங்க. இல்ல. வித்தா 10,000 ரூபாய்தான் வரும்னாங்க. அதை வித்து இன்னொரு 8,000 போட்டு டாப் லோட் வாங்கினா, செஞ்ச தப்புக்கு ரெண்டாவது தடவை காசு கட்டற மாதிரி. போன 30,000 போனதுதான். இனிமே போற காசைத்தான் பார்க்கணும். இப்ப இருக்கற வீட்டுல கோடை நாலு மாசம் லாரித் தண்ணி, அதனால அது தன் வேலையைக் கொஞ்சமாவது செய்யுது. சாதாத் தண்ணியிலதான் ஓட்டறோம்.

புதுசா வாங்கின நாலு போல்ட் மெஷினுக்குப் பின்னாடி ஒரு கவர்ல இருக்கு. கவர் மேல என் மனைவி ஸ்கெட்ச் பேனாவால எழுதி வெச்சிருக்காங்க: "6,800 ரூபாய். தூக்கிப் போடாதீங்க."

நீங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி மூணு எண்ணை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க: வாரத்துக்கு எத்தனை வாஷ், லிட்டர் தண்ணிக்கு நீங்க கொடுக்கற காசு, அஞ்சு வருஷத்துல மாறப் போற வீடு. கடையில யார் என்ன சொன்னாலும் அந்தப் பேப்பரைப் பார்த்துட்டுப் பதில் சொல்லுங்க.